இரண்டு நூல் தடிப்பான வளையம்

சில்லு இல்லாத, ஒரு சக்கரமும் பூட்டாத கார் ஒன்று கார்த்திகை மழையில் நனைந்தபடி மன்னார் தாழ்வுபாட்டு வீதியில் வந்துகொண்டிருந்தது. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றி, நாலு மூலையிலும் நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். காருக்கும் பெட்டியின் பக்கப் பலகைக்கும் இடையில் ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் குடை, மறு கை காரின் கதவுப் பிடியில்.

அன்ரோனெற் பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது கார்தான். மொறிஸ் மைனர். நிறம் போய், முன்விளக்கு ஒன்று போய், கூரையில் துருப் பிடித்திருந்தது. வலது பின் சில்லை மூடும் மட்காட்டின் விளிம்பில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு உள்ளே மடிந்திருந்தது. அதைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி மடித்தவள் அவள்தான். இருபத்தொரு வருடத்துக்கு முந்திய வேலை. இன்னும் விரியவில்லை.

பெண் இறங்கி வந்து குடையை மடக்கினாள்.

"பாஸ் நிக்கிறாரோ?"

"நான்தான் பாஸ்."

"நீங்களோ? பஸ்ரியன் பாஸ் எண்டெல்லோ சொன்னவை."

"அப்பா செத்து ஆறு வருசம். நான் மகள்."

உள்ளேயிருந்து தம்பி மில்ரன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அவதான் பாஸ். நான் வெல்டிங் அடிக்கிற ஆள். ஏச்சு வாங்கிற வேலையும் எனக்குத்தான்."

வந்தவள் சிரித்துவிட்டாள். "நான் சிவலட்சுமி. அடம்பனிலை இருந்து வாறன். யோகராசாவின்ரை மனிசி."

அன்ரோனெற் கையிலிருந்த எண்ணெய்த் துணியால் ஏற்கெனவே துடைத்த விரல்களை மறுபடி துடைத்தாள். "இருங்கோ," என்று கதிரையைக் காட்டினாள்.

சிவலட்சுமி இருக்கவில்லை. ஈரச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கயிறொன்றை அவிழ்த்து நீட்டினாள். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்ட கயிறு.

"இதென்ன?"

"லான்ட்மாஸ்டர் பெட்டியின்ரை அளவு. இந்தச் சில்லுக்கும் அந்தச் சில்லுக்கும் நடுவிலை. இந்த அளவுக்கு எங்கடை காருக்கு அக்சில் வேணும்."

"மொறிஸுக்கு இது கூட. நாலங்குலம் அகலம் கூடும்."

"தெரியும் அக்கா. அதுக்குத்தான் கயிறு கொண்டந்தனான்."

பிறகு அவள் சொல்லச் சொல்ல அன்ரோனெற்றுக்கு விளங்கியது. கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரமாக அவர்களுடைய வயலுக்கும் அதற்கு அப்பால் உள்ள வீடுகளுக்கும் போகும் பாதை மண்பாதை. மழை விழுந்தால் லான்ட்மாஸ்டர்கள், அதாவது இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரங்கள், பெட்டியை இழுத்து இழுத்து அந்தப் பாதையில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு தடம் போட்டுவிடும். சாதாரணக் கார் போனால் ஒரு சில்லு தடத்துக்குள்ளும் மற்றது மேட்டிலுமாகச் சரிந்துகொண்டு போகும். ஆட்டோவின் முன்சில்லோ நடு மேட்டில் ஏறிப் பிரளும். கிளினிக்குக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சியும், சிறுநீரக வருத்தக்காரரும் பெட்டியில்தான் குலுங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு சில்லும் இரண்டு தடத்துக்குள் விழுகிற கார் ஒன்று இருந்தால், அந்தப் பக்கம் முழுதுக்கும் அது ஒன்றுதான்.

"இவர் கட்டாரிலை எட்டு வருசம். போன லீவிலை எஞ்சின் ஒண்டு வாங்கிப் பூட்டினவர். சில்லில்லாமல் பனங்குத்தியிலை நிக்கிற காரை ஸ்ராட் பண்ணிப்போட்டு, ஸ்ரேறிங்கைப் பிடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் உள்ளுக்கை இருந்தார், பாருங்கோ. பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்குதுகள். எனக்குச் சிரிப்பு வரேல்லை." சிவலட்சுமி காரைப் பார்த்தாள். "பொங்கலுக்கு வாறார். மாசியிலை திரும்பிப் போறதெண்டு சொல்லுறார். கார் ஓடினால் மனிசன் நிப்பார் அக்கா. எனக்குத் தெரியும்."

"பொங்கலுக்கு முந்திச் செய்து தரலாம்," என்றாள் அன்ரோனெற்.

மில்ரன் அக்காவைப் பார்த்தான். பட்டறையில் அப்போது மூன்று வள்ளத்து எஞ்சின் தண்டுகள் முறை பார்த்துக் கிடந்தன.

*

சமாதான காலத்தில், இராணுவப் பகுதிக்கும் இயக்கப் பகுதிக்கும் நடுவில் உயிலங்குளத்துச் சோதனைச்சாவடி திறந்திருந்த அந்தச் சில வருடங்களில், யோகராசா தகப்பனுடைய காரை ஓட்டிக்கொண்டு இந்தப் பட்டறைக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபத்தொன்று, அவளுக்கு இருபது. காரின் சொந்தச் சில்லுகள் எந்த இடப்பெயர்விலோ தொலைந்து, வேறொரு வான் வண்டியின் சில்லுகள் பூட்டியிருந்தன. அவை சரியாக உட்கார்வதற்கு, அச்சு முனைக்கும் சில்லுக்கும் நடுவில் இரும்பு வளையம் போடவேண்டும். பஸ்ரியன் பாஸ் அளவெடுத்தார். வளையங்களைக் கடைந்தவள் அன்ரோனெற்.

அவள் வலப்பக்கத்துக்கு இரண்டு நூல் தடிப்பாகக் கடைந்தாள். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். முதல் தடவை அது பிழை. உண்மையாகவே பிழை. கார் இடப்பக்கம் திரும்பும்போது உடல் வலப்பக்கம் சாய்ந்து, வெளியே தள்ளி நின்ற வலது பின் ரயர் மட்காட்டில் உரசியது. இடப்பக்கம் திருப்பினால் வருகிற சத்தத்தை எல்லோரும் இடப்பக்கத்தில்தான் தேடுவார்கள். யோகராசாவும் தேடினான். கிடைக்காமல் அடுத்த கிழமை வந்தான்.

அவன் காரோடு வாசலில் நின்று, "சத்தம் போகேல்லை," என்று சொன்னபோது, அவளுக்குக் காரணம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வளையத்தைக் கழற்றிக் கடைந்து போட்டிருக்கலாம். அவள் காருக்குக் கீழே படுத்து, எதையெதையோ இறுக்கி, "இனிப் பாருங்கோ," என்றாள். ரயர் வெட்டுப்படாமல் இருக்க மட்காட்டின் விளிம்பை மட்டும் யாரும் காணாமல் உள்ளே மடித்தாள். ஆபத்தை எடுத்துவிட்டாள், சத்தத்தை விட்டுவிட்டாள்.

அவன் ஏறக்குறைய மூன்று வருடம் வந்தான். கையோடு கொண்டுவருவது சில நேரம் நெல், சில நேரம் குளத்து மீன், ஒரு தடவை மோர் மிளகாய். காரைக் காட்ட அடம்பனிலேயே கராஜ் இருந்தது. இருவரும் கதைத்ததெல்லாம் சில்லு, பிறேக், சத்தம். "உங்களுக்குக் கேக்குதோ?" "ஓம், கேக்குது." வேறொன்றும் கதைக்கவில்லை. அவள் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண்; அவன் சைவம். ஆனால் அந்தத் தடையைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கே அவர்கள் போகவில்லை. கேட்டு மறுக்கப்பட்ட விசயம் ஒரு நாள் ஆறிவிடும். கேட்காமல் விட்டது அப்படி ஆறுவதில்லை. அதற்கு முடிவு என்று ஒரு நாள் கிடையாது.

பிறகு சாவடி மூடியது. அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்டபோது, கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் தாய்தகப்பன்மார் இரவோடிரவாகத் தாலி கட்டிவைத்தார்கள். யோகராசாவுக்கும் சிவலட்சுமிக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் நாள் வரைக்கும் ஒருவரையொருவர் கண்டதில்லையாம். பாதை திறந்து முதல் பஸ்ஸில் வந்த யாரோ இதைச் சொன்னபோது அன்ரோனெற் கடைசல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை அவள் ஏன் வேண்டாமென்றாள் என்று தகப்பன் கேட்டதும் இல்லை.

கடைசிச் சண்டையில் யோகராசா வீட்டார் காரை விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். திரும்பி வந்தபோது காரின் உடல் மட்டும் மண்ணில் இருந்தது. அச்சுகளை யாரோ வண்டிக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

*

அச்சு எருக்கலம்பிட்டியில் கிடைத்தது. சாஹுல் ஹமீட் நானாவின் பழைய இரும்புக் காணியில், முன்பக்கம் நொறுங்கிய ஜப்பான் வான் ஒன்று கழுதைகளுக்கு நிழலாக நின்றது.

"மொறிஸுக்கு வான் அக்சிலோ? எலிக்கு மாட்டுக் கால் பூட்டுற வேலை தங்கச்சி."

"நானா, நீங்க காலைத் தாங்கோ. எலி நடக்கிறதை நான் பாக்கிறன்."

வானின் அச்சு கயிற்று அளவைவிட அகலம். இரண்டு பக்கமும் குழாயை வெட்டிக் குறுக்கி, உள்ளே சுழலும் தண்டுகளையும் வெட்டி, முனைகளில் புதிதாகப் பல்லு வெட்டவேண்டும். பல்லு வெட்டும் இயந்திரம் அவளிடம் இல்லை. கடைசல் இயந்திரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவைத்து, கத்தியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு பல்லாகச் சுரண்டி எடுத்தாள். ஒரு தண்டுக்கு நாலு நாள். மில்ரன் குழாயை ஒட்டியபோது அது வெப்பத்தில் கோணாமல் இருக்க, கொஞ்சம் ஒட்டுவதும் திருப்பிவைத்து மறுபக்கம் ஒட்டுவதுமாக, அவனை ஒரு பகல் முழுக்க வதைத்தாள். அன்ரோனெற்றின் கைவேலையை மன்னாரில் யாரும் புகழ்ந்து கேட்டதில்லை. திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் இல்லை, ஒருவனைத் தவிர.

முன்பக்கத்துக்கும் அதே வானின் உறுப்புகளைக் குறுக்கிப் பூட்டினார்கள். வெளியே தள்ளிய ரயர்களை மூடும்படி மட்காட்டுகளை வெளியே இழுத்துத் தகடு ஒட்டினார்கள். வலது பின் மட்காட்டின் மடிந்த விளிம்பை வெட்டி எறியலாமா என்று மில்ரன் கேட்டான்.

"அதை அப்பிடியே வச்சு, சுத்திவர ஒட்டு."

கயிற்றளவை முற்றாக நம்பமுடியாது என்பதால், அச்சைக் கொஞ்சம் குறைவாக வெட்டி, மிச்சத்தை வளையத்தால் நிரப்புவதாக அவள் முதலிலேயே தீர்மானித்திருந்தாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய கிழமை வளையங்களைக் கடைந்தாள். பின்பக்கத்துக்கு இரண்டு. அவை ஒரே தடிப்பு. பிறகு இயந்திரத்தை நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்று கடைந்தாள்.

தேநீர் கொண்டுவந்த மில்ரன் மூன்றையும் மேசையில் கண்டான். ஒவ்வொன்றாக எடுத்து விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, இது தடிப்பு."

"தெரியும்."

"ரெண்டு நூல் கூட."

"தெரியுமெண்டெல்லோ சொல்லுறன்."

அவன் அதை மேசையில் வைத்தான். வைத்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். "பொங்கலுக்கு வாறவருக்கு எது கேக்கும் எண்டு யோசிக்கிறன்," என்றான்.

"நீ உன்ரை தேத்தண்ணியைக் குடி."

அந்த மனிதன் வருவான். வாய்க்கால் பாதையில் இடப்பக்கம் திருப்புவான். உரசும். வேறு யாருக்கும் அது ஒரு சத்தம். அவனுக்கு மட்டும் அது யார் கை என்று தெரியும். அடுத்த நாள் பட்டறை வாசலில் கார் நிற்கும். "சத்தம் போகேல்லை." அதற்கு அப்பால் அவள் யோசிக்கவில்லை. அவனை யாரிடமிருந்தும் பிரித்தெடுக்க அவளுக்கு ஆசையில்லை. வாசலில் ஒரு தடவை. அவ்வளவுதான் வேண்டும் என்று நினைத்தாள். ஒரு தடவை போதும் என்று ஏக்கம் எப்போதும் சொல்லும். அதை நம்பியவர்கள் ஒருவரும் ஒரு தடவையோடு நின்றதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவள் தடித்த வளையத்தை வலப்பக்கத்தில் பூட்டினாள். சரியான வளையத்தைத் துணியில் சுற்றிக் காரின் பின்பெட்டியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். 

*

மார்கழிக் கடைசியில் காரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாலத்தைத் தாண்டி, உயிலங்குளம் தாண்டி, அடம்பன் வரைக்கும் நல்ல தார் வீதி. நேர்ப் பாதையில் கார் வாய் திறக்கவில்லை. சந்தையடியில் சிவலட்சுமி காத்து நின்று ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள், திறந்து இன்னொரு தடவை சாத்தினாள்.

"என்ன, பூட்டு சரியில்லையோ?"

"இல்லையக்கா, சாத்திற சத்தம் கேக்க ஆசையா இருந்தது."

வாய்க்கால் பாதை தொடங்கும் இடத்தில் அன்ரோனெற் வேகத்தைக் குறைத்தாள். இரண்டு பக்கமும் வயல் கதிர் தள்ளுமுன் குடலைக்குத் திரண்டு நின்றது. முன்னால் இரண்டு தடங்கள், தண்ணீர் நிறைந்து, வானத்தின் இரண்டு கீலங்கள் மாதிரி நீண்டு போயின. அவள் ஸ்ரேறிங்கை நேராகப் பிடித்தாள். முன்சில்லுகள் இறங்கின. பின்சில்லுகளும் இறங்கின. கார் ஒரு பக்கமும் சரியாமல், பெட்டிக்குள் வைத்த பெட்டி போலப் போனது.

சிவலட்சுமி மடியில் இருந்த கைகளை ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டாள். "விழுந்திட்டுது," என்றாள். "அக்கா, கயிறு சரி!"

"கயிறு சரிதான்."

துருசு, வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் இடம், அங்கே பாதை இடப்பக்கம் திரும்புகிறது. அன்ரோனெற் திருப்பினாள். கார் வலப்பக்கம் சாய்ந்தது. பின்னால் சர்ர்ர் என்றது.

 பதினெட்டு வருடமாக அவள் கேளாத சத்தம். மாறவேயில்லை.

சிவலட்சுமி தலையைத் திருப்பினாள். "இதுதானோ அது?"

"எது?"

"இவர் சொல்லுற சத்தம்." அவள் சிரிக்கத் தொடங்கினாள். "இடப்பக்கம் திருப்பினால் இந்தக் கார் சத்தம் போடுமாம். மன்னாரிலை ஒரு பட்டறையிலை ஒரு பிள்ளை மூண்டு வருசம் பாடுபட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியேல்லையாம். 'பாவம், வேலை தெரியாத பிள்ளை. ஆனால் ஒருநாளும் ஏலாதெண்டு சொன்னதில்லை, கீழை படுத்திடும்' எண்டு சொல்லுவார். வேறை கராஜிலை காட்டியிருக்கலாமே எண்டு கேட்டால், 'அந்தப் பிள்ளைக்கு மனம் நோகுமெல்லே' எண்டுவார்." சட்டென்று சிரிப்பு நின்றது. "ஐயோ, அக்கா. அது நீங்களே?"

அன்ரோனெற் காரை நிறுத்தினாள். 

வேலை தெரியாத பிள்ளை. அவன் ஒன்றையும் அறிந்திருக்கவில்லை. அவள் சொல்லியனுப்பியது என்று நினைத்த எதுவும் போய்ச் சேரவில்லை. ஆனால் சத்தம் போகாது என்று நம்பிக்கொண்டே, அவளுக்கு மனம் நோகக்கூடாது என்று, சாவடியில் வரிசையில் நின்று நின்று அவன் வந்திருக்கிறான். மூன்று வருடம். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஓம்," என்றாள். "நான்தான்."

இறங்கிப் பின்பெட்டியைத் திறந்தாள். ஜாக்கியையும் துணிப் பொட்டணத்தையும் எடுத்தாள். துருசுக் கட்டில் கிடந்த பலகையைச் சேற்றில் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்துக் காரை உயர்த்தினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிவலட்சுமியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். கழன்ற நட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவலட்சுமியின் கையில் விழுந்தன. சில்லு கழன்றது. தடித்த வளையம் கழன்றது. துணியிலிருந்த வளையம் ஏறியது. சில்லு திரும்பப் பூட்டுப்பட்டது.

"ஏறுங்கோ."

காரைப் பின்னுக்கு எடுத்து, அதே இடத்தில் இடப்பக்கம் திருப்பினாள். கார் சாய்ந்தது. சேற்றுத் தண்ணீர் தெறித்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

சிவலட்சுமி கழற்றிய வளையத்தை மடியில் வைத்து விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். அதன் பளபளப்பில் புதிதாகக் கடைந்த கோடுகள் தெரிந்தன. அவள் மக்கு இல்லை. அளவு தெரிந்தவள்.

"பத்து நிமிசம்," என்றாள் மெதுவாக.

"ஓம். பத்து நிமிச வேலைதான்."

 வீட்டு வாசலில் சிவலட்சுமி இறங்கினாள், வளையத்தை இருக்கையில் வைத்தாள், பிறகு அதை எடுத்து அன்ரோனெற்றின் கையில் கொடுத்தாள்.

"இவருக்கு என்ன சொல்லட்டும்?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. ஓடிப் பாக்கட்டும்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா."

குடித்தாள். சீனி கூடிப்போயிருந்தது. பிள்ளைகள் காரைச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினாள்.

*

பொங்கல் வந்தது, போனது. அந்தக் கிழமை முழுக்க வீதியில் ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் அன்ரோனெற்றின் காது போய்ப் போய் வந்தது. அவள் அதைக் கூப்பிட்டு வைத்திருக்கவில்லை, அது தானாகப் போனது. மொறிஸ் வரவில்லை. வரவேண்டிய காரணத்தை அவளே சேற்றில் வைத்துக் கழற்றிவிட்டாள்.

தைக் கடைசியில் ஒரு பின்னேரம் தொலைபேசியில் சிவலட்சுமியின் குரற்பதிவு வந்தது. அன்ரோனெற் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, சுகமே? கார் நல்லா ஓடுது. நேற்று ரெண்டு பேரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனவர். கட்டார்க் கதை இப்ப வீட்டிலை இல்லை, நானும் கிளறேல்லை. ஒண்டு சொல்லவேணும் எண்டு வச்சிருந்தனான். வந்த முதல் நாள் துருசடியிலை திருப்பேக்கை, மழையும் தூறுது, கண்ணாடியை இறக்கிப்போட்டுத் தலையை வெளியிலை விட்டுக்கொண்டு இருந்தார். பிறகு பின்னுக்கு எடுத்து இன்னொருக்காத் திருப்பினார். பிறகும் ஒருக்கா. என்னப்பா எண்டு கேட்டன். 'இந்தக் காரிலை ஒரு சத்தம் இருந்தது' எண்டார். 'அதைத்தான் எடுத்தாச்சே' எண்டன். 'ஓம், நல்லாச் செய்திருக்கு' எண்டார். ஆனால் இப்பவும், அக்கா, அந்த இடம் வந்தால் கண்ணாடியை இறக்கிறவர். சரி, வைக்கிறன்."

அன்ரோனெற் அதை இன்னொரு தடவை கேட்டாள்.

"ஆர் அக்கா?" என்று மில்ரன் உள்ளேயிருந்து கேட்டான்.

"அடம்பன் கார்."

"என்ன, சத்தமோ?"

அவள் இயந்திரத்தில் கையை வைத்தாள். பூட்டியிருந்த வள்ளத்துத் தண்டு இன்னும் சூடாக இருந்தது.

"இல்லை," என்றாள். "சத்தமில்லையாம்."